ஐம்பது ஹெர்ட்ஸ் மாரியோ

திண்டுக்கல்லில் நான் கேட்டு வளர்ந்த மாரியோ பாட்டு மெதுவானது. கோஜி கோண்டோ 1985-இல் அமைத்த வேகத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. சுருதி ஏறக்குறைய அதேதான். காலப்பிரமாணம் மட்டும் இறங்கியிருக்கும். காரணம் நம் டிவிப் பெட்டி. ஜப்பானில் டிவி நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பித்தது. நம் நாட்டில் இருந்தது பால் முறை, 50 தடவைதான். நின்டெண்டோவின் ஃபேமிகாமுக்கு எழுதப்பட்ட ஆட்டங்கள், திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது ஓர் அடி எடுத்துவைக்கும். பால் டிவிக்காகச் செய்யப்பட்ட நகல் பெட்டியில் அதே ஆட்டம் 60 அடிக்குப் பதிலாக 50 அடி வைத்தது. மாரியோ மெதுவாக ஓடினான், ஆமை மெதுவாக வந்தது, பாட்டும் கூடவே மெதுவாக வந்தது.

2001-இல் அண்ணன் கல்லூரி ஹாஸ்டலிலிருந்து ஒரு சி.டி. கொண்டுவந்தான். அதில் நெஸ்டிகிள் இருந்தது. 1997-இல் வெளியான எமுலேட்டர்; அதாவது, ஃபேமிகாம் பெட்டியைப் போலவே நடிக்கும் மென்பொருள். தெருமுனை பிரவுசிங் சென்டரில் அரைமணி நேரம் காசு கட்டி மாரியோவைப் போட்டோம். படம் அதே படம். பாட்டு ஓடியது. பறந்தது என்றே சொல்லலாம். அண்ணன் ஒரு நிலை முடிப்பதற்குள் கீபோர்டை என்னிடம் தள்ளிவிட்டான்.

"இது நம்ம மாரியோ இல்லடா. யாரோ இதுக்கு காபி ஊத்தி விட்டிருக்காங்க."

உண்மையில் அன்றைக்குத்தான் நாங்கள் அசல் வேகத்தைக் கேட்டோம். அதற்குமுன் ஐந்து வருடம் நாங்கள் கேட்டது நகலின் வேகம். ஆனால் அண்ணன் சொன்னதைத் தவறென்று இன்றுவரை என்னால் ஒதுக்க முடியவில்லை. பழைய வீடியோ கேம்களைச் சேர்ப்பது, எமுலேட்டரில் ஓட்டுவது, அவற்றில் இன்றைக்கும் விளையாடத் தகுந்தது எது என்று பார்ப்பது என்று பத்துப் பன்னிரண்டு வருடங்களைக் கழித்திருக்கிறேன். இந்த வேலை முழுவதிலும் அந்த ஒரு வாக்கியம் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அசலுக்கு விசுவாசமாக இருக்கிறோம் என்றால், எந்த அசலுக்கு? கியோட்டோவில் செய்ததற்கா, திண்டுக்கல்லில் ஓடியதற்கா?

எங்கள் பெட்டி 1996 முழுப் பரீட்சை லீவில் வந்தது. யாரும் அதை ஃபேமிகாம் என்று சொல்லிக் கேட்டதில்லை. அது "டிவி கேம்". இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு துப்பாக்கி, ஒரு அடாப்டர், ஒரு மஞ்சள் கேஸட். கேஸட்டின்மேல் 9999999 இன் 1 என்று அச்சடித்திருந்தது. அப்பா அந்த எண்ணை இரண்டுமுறை படித்துவிட்டு, "ஒரு கோடிக்கு ஒண்ணு கொறச்சல்" என்றார். பட்டியலில் இறங்கிக்கொண்டே போனால் பத்துப் பதினைந்து ஆட்டங்கள்தான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். ஒன்றில் மாரியோ முதல் நிலையில் ஆரம்பிப்பான், இன்னொன்றில் நான்காவது நிலையில். எங்களுக்கு அது ஏமாற்றாகவே படவில்லை. நான்காவது நிலையிலிருந்து ஆரம்பிக்கும் மாரியோ வேறு ஆட்டம்தானே?

வளர்ந்தபின் அந்தக் கேஸட்டைத் திறந்து பார்த்தேன். பச்சைப் பலகை, அதன் நடுவில் கறுப்புப் பிசின் ஒரு பெரிய பொட்டுபோல். அதற்குள்தான் சில்லு. பெயர் கிடையாது, எண் கிடையாது. இப்படிப்பட்ட கேஸட்டுகளில் என்ன ஆட்டங்கள் வந்தன என்பதைத் தீர்மானித்தது யாருடைய ரசனையும் இல்லை, இடம்தான். சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கேபி. இன்று நண்பர் வாட்ஸப்பில் அனுப்பும் காலை வணக்கப் படம் அதைவிடப் பெரிது. டேங்க் கேம் என்று நாம் சொல்லும் நாம்கோவின் பேட்டில் சிட்டி 24 கேபி. இப்படிச் சின்னச் சின்னதாக இருந்தவற்றைத்தான் ஒரே பலகையில் அடுக்க முடிந்தது. பெரிய ஆட்டங்களுக்கு அதில் இடமில்லை. பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர வேண்டிய ஆட்டங்களுக்குக் கேஸட்டுக்குள்ளேயே ஒரு பேட்டரி வேண்டும். அதெல்லாம் நினைத்தே பார்க்க முடியாது. ஆகவே கதை சொல்லும் ஆட்டங்கள், வசனம் படிக்க வேண்டிய ஆட்டங்கள் எதுவும் எங்களிடம் வரவில்லை. சுடு, குதி, ஓடு, தப்பி. என் வயதுக்காரர்கள் நிறையப் பேர் "நல்ல கேம்" என்று எதைச் சொல்கிறார்கள் என்று கவனித்தால், அதன் அடியில் இந்த 40 கேபி இருக்கும்.

கேஸட்டை எடுத்து ஊதுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் பாதிப்பேர் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். ஊதினதால் ஒன்றும் ஆகவில்லை. கழற்றி மறுபடி செருகும்போது பின்கள் சரியாகப் பொருந்தின, அவ்வளவுதான். எச்சில் ஈரம் பின்களை அரிக்கவே செய்யும். இதை அண்ணனிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. இன்றும் நம்புவதில்லை.

சேகரிப்பில் இறங்கியபோது முதலில் நான் கேஸட்டுகளைத்தான் தேடினேன். ரிச்சி ஸ்ட்ரீட்டிலும், பர்மா பஜாரிலும், ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் கடைகளிலும். பிறகு கோப்புகளுக்கு மாறினேன். கேஸட்டில் உள்ள தரவை அப்படியே பிரதியெடுத்த கோப்பை ராம் என்பார்கள். அமெரிக்காவில் உள்ள வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அந்த நாட்டில் 2010-க்கு முன் வெளிவந்த ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று எந்தக் கடையிலும் விற்பனையில் இல்லை. பழைய கேஸட் தேடு, அல்லது நகலெடு, வேறு வழியில்லை. சட்டம் இதில் முழுதாகத் துணை வராது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம், கணினி மென்பொருளை முறையாக வைத்திருப்பவர் தொலைந்துபோகாமலிருக்க ஒரு காப்புப்பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. முறையாக வைத்திருப்பவர்! எங்கள் தெருவில் முறையான கேஸட் ஒன்றைக் கண்ணால் பார்த்தவர் யார்?

இந்தக் கோப்புகளுக்கென்று பட்டியல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். குட்நெஸ் என்ற பழைய பட்டியலில் ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னும் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு குறியீடு வரும். ஆச்சரியக்குறி இருந்தால் சரிபார்க்கப்பட்ட நல்ல பிரதி. பி இருந்தால் கெட்டுப்போன பிரதி. ஹெச் என்றால் யாரோ கைவைத்து மாற்றியது. பீ (p) என்ற ஆங்கில எழுத்தில் வரும் இன்னொரு குறி திருட்டுப் பிரதிக்கு. சேகரிப்பாளர்கள் ஆச்சரியக்குறி உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுவார்கள். நானும் அதற்காக ஒரு சின்ன நிரல் எழுதி, ஓட விடுவதற்கு முன் ஒருமுறை பட்டியலைப் பார்த்தேன். நான்காவது நிலையில் ஆரம்பிக்கும் மாரியோ, முப்பது லைஃபோடு தொடங்கும் காண்ட்ரா, எல்லாம் அழிக்க வேண்டிய பக்கத்தில் இருந்தன. என் பால்யம் முழுக்க அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. நிரலை ஓட விடவில்லை.

துல்லியத்தைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. துல்லியத்துக்காக உயிரைக் கொடுத்து உழைத்தவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பையூ என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர் சூப்பர் நின்டெண்டோவுக்காக பி-ஸ்நெஸ் என்ற எமுலேட்டரைச் செய்தார். 3.58 மெகாஹெர்ட்ஸில் ஓடிய ஒரு பெட்டியைப்போல நடிக்க அவருடைய மென்பொருளுக்கு 3 கிகாஹெர்ட்ஸ் கணினி வேண்டியிருந்தது. ஏன் இவ்வளவு என்று கேட்டவர்களுக்கு 2011-இல் ஒரு கட்டுரையில் பதில் சொன்னார். ஏர் ஸ்டிரைக் பேட்ரல் என்ற ஆட்டத்தில் விமானத்தின் நிழல் தரையில் விழும். அந்த நிழல்தான் குண்டு எங்கே விழும் என்பதைக் காட்டும். திரையில் ஒரு கோடு வரையப்பட்டுக்கொண்டிருக்கும்போதே நடுவில் குறுக்கிட்டு வரைந்த நிழல் அது. அவசர எமுலேட்டர்களில் அது காணாமல் போய்விடும். விளையாடுகிறவர்களுக்கு நிழல் இருந்தது என்பதே தெரியாது. தெரியாததைத் தேடவும் முடியாது. அவர் சரிபார்ப்பதற்காக அந்தப் பெட்டிக்கு வந்த கேஸட்டுகளை நாடு நாடாகச் சேர்த்தார். ஒருமுறை இரவலாக வந்த சுமார் நூறு கேஸட்டுகள் தபாலில் தொலைந்து, பல வாரங்கள் கழித்துக் கிடைத்தன. 2021-இல் அவர் இறந்த செய்தி வந்த அன்று நான் ஒன்றும் விளையாடவில்லை.

நிற்க. விளையாடத் தகுந்தவை எவை என்ற கேள்விக்கு வருகிறேன். என் ஹார்ட் டிஸ்க்கில் பல ஆயிரம் ஆட்டங்கள் இருக்கின்றன. போன வருடம் முழுக்க நான் திரும்பத் திரும்பப் போட்டது ஒன்பதோ பத்தோதான். மீதியில் பெரும்பகுதி, உள்ளபடி சொன்னால், ஐந்து நிமிஷத்துக்குமேல் தாங்காது. சின்ன வயதில் நாங்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய பல ஆட்டங்கள் காசுபோட்டு ஆடும் இயந்திரங்களின் தர்க்கத்தில் செய்யப்பட்டவை. சீக்கிரம் சாகடித்து அடுத்த காசை வாங்குவது அவற்றின் தொழில்.

பேட்டில் சிட்டி தாங்குகிறது. செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு. அதைக் காப்பாற்ற வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் இருபது எதிரி டாங்கிகள். இவ்வளவுதான் விதி. ஆனால் செங்கல் உடையும், உங்கள் குண்டாலும் உடையும். நீங்களே உங்கள் கழுகைச் சுட்டு ஆட்டத்தை முடித்துக்கொள்ளலாம். கூட ஆடுபவர் மேல் குண்டு பட்டால் அவர் சற்று நேரம் அசைய முடியாமல் நிற்பார். நாற்பது வருடம் ஆன பிறகும் எந்த இரண்டுபேரை உட்கார வைத்தாலும் பத்து நிமிஷத்தில் சண்டை வந்துவிடுகிறது. என் மனைவி வீடியோ கேம் என்றாலே எழுந்து போகிறவள். இந்த ஒன்றை மட்டும், "அந்தக் கழுகு கேமப் போடுங்க" என்று கேட்பாள். கழுகைச் சுற்றியுள்ள சுவரை முதலில் தானே சுட்டு விசாலமாக்கிவிட்டு, "காத்து வரட்டும்" என்பாள்.

எங்களிடம் வரவே வராத, எமுலேட்டர் இல்லாவிட்டால் நான் பார்த்தே இருக்க முடியாத ஆட்டங்களில் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் 1994-இல் வந்த சூப்பர் மெட்ராய்டைச் சொல்வேன். ஓரிடத்தில் ஆழமான குழிக்குள் இறங்கிவிடுவோம். மேலே ஏற வழியில்லை. அங்கே குரங்குக் குட்டிபோல மூன்று பிராணிகள் இருக்கின்றன. அவை சுவருக்குச் சுவர் எம்பி எம்பி மேலே போகும். திரையில் ஒரு எழுத்து வராது. அந்தத் திறமை நம் பாத்திரத்துக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை. நான் அங்கே ஒரு சாயங்காலம் முழுக்கச் செலவழித்தேன். ஏறி வந்ததும் அடைந்த சந்தோஷத்துக்கு ஈடாக இப்போதைய ஆட்டம் எதையும் சொல்ல முடியவில்லை. அவை ஒவ்வொரு அடிக்கும் அம்புக்குறி போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகின்றன.

எமுலேட்டர் கெடுப்பதும் இங்கேதான். எந்த நொடியிலும் ஆட்டத்தை உறைய வைத்துச் சேமிக்கலாம், செத்தால் அந்த நொடிக்கே திரும்பலாம். சேவ் ஸ்டேட் என்பார்கள். அந்தக் குழியில் அதைப் பயன்படுத்தியிருந்தால் ஏறியிருப்பேன், கற்றிருக்க மாட்டேன். ஆனால் இதில் நான் கறார் பேர்வழி இல்லை. மூன்று லைஃபில் காண்ட்ராவை முடி என்று நாற்பது வயதுக்காரனிடம் சொல்வது கொடுமை. கொனாமியின் கசுஹிசா ஹஷிமோட்டோ கிரேடியஸ் ஆட்டத்தைச் சோதிக்கும்போது அவராலேயே அதை முடிக்க முடியாமல்தான் மேல் மேல் கீழ் கீழ் என்று ஒரு ரகசிய வரிசையை உள்ளே வைத்தார். செய்தவருக்கே தேவைப்பட்ட சலுகை. காண்ட்ராவில் அதே வரிசை முப்பது லைஃப் தரும். எங்கள் கேஸட்டில் அந்த வரிசைகூட வேண்டாம், பட்டியலிலேயே இருந்தது.

எந்த எமுலேட்டராலும் காப்பாற்ற முடியாத ஒன்று அந்தத் துப்பாக்கி. டக் ஹன்ட்டில் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். குழாய்க்குள் இருக்கும் உணர்வி அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். சுடுவது நாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் டிவிதான் துப்பாக்கியை நோக்கிச் சுடுகிறது. ட்யூப் டிவி உடனுக்குடன் வரையும் என்பதை நம்பிச் செய்த சாதனம். இன்றைய எல்.இ.டி. திரையில் படம் கொஞ்சம் தாமதமாக வருவதால் துப்பாக்கிக்கு ஒன்றும் தெரிவதில்லை. அண்ணனுக்குத் துப்பாக்கியைவிட ஜாய்ஸ்டிக்தான் பிடிக்கும். ஒற்றை வாத்து ஆட்டத்தில் இன்னொருவர் ஜாய்ஸ்டிக்கால் வாத்தை ஓட்டலாம் என்று அவன்தான் கண்டுபிடித்தான். எனக்குச் சொல்லாமல் ஒரு லீவு முழுக்க வாத்தை ஓட்டினான்.

அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். திண்டுக்கல் வீடு பூட்டிக் கிடக்கிறது. அண்ணன் மஸ்கட்டில், நான் கோயம்புத்தூரில். வீட்டை விற்றுவிடலாம் என்பது அவன் கட்சி. வாடகைக்கு விடலாம், அப்படியே கிடக்கட்டும் என்பது என் கட்சி. போனில் பேசினால் வரி, கரண்ட் பில், பக்கத்து வீட்டுக்காரர் போட்ட ஷீட் என்று ஆரம்பித்து ஐந்தாவது நிமிஷம் குரல் மாறிவிடும். பிறகு இரண்டு வாரம் பேச்சில்லை.

வீட்டைச் சுத்தம் செய்யப் போனபோது பரணில் பெட்டி கிடைத்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். அன்றிரவே கூப்பிட்டான். வீட்டைப் பற்றிப் பேசாமல் அரைமணி நேரம் பேசினோம். ரெட்ரோஆர்க் என்ற மென்பொருளில் தூரத்தில் இருக்கும் இருவர் சேர்ந்து விளையாடலாம் என்று சொன்னேன். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அவனுக்கு நிறுவிக் கொடுத்து, அமைப்புகளில் டெண்டி என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். டெண்டி என்பது ரஷ்யாவில் 1992-இல் விற்பனைக்கு வந்த ஃபேமிகாம் நகல் பெட்டி. அதுவும் 50 ஹெர்ட்ஸ். அங்கே அதை வைத்து வளர்ந்தவர்கள் கோடிப்பேர் இல்லாவிட்டாலும் ஏராளம். தங்கள் வேகம் காணாமல் போய்விடக் கூடாது என்று யாரோ அக்கறைப்பட்டு எமுலேட்டருக்குள் அந்தப் பெயரிலேயே ஓர் அமைப்பை வைத்துவிட்டார்கள். அவன் அதை அழுத்தி மாரியோவைப் போட்டான். நான் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"டேய், இதுதாண்டா" என்றான். அப்புறம், "தூக்கம் வர்ற மாதிரி இருக்குல்ல" என்றான்.

காண்ட்ரா ஆடுகிறோம். ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடுவது எங்கள் வயதுக்குப் பெரிய உபகாரம். சேவ் ஸ்டேட் கிடையாது என்பது ஒப்பந்தம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மஸ்கட்டில் அவன் அழுத்தும் பொத்தான் எனக்கு வந்துசேர நேரமாகும். அதற்காகக் காத்திருந்தால் ஆட்டம் இழுக்கும். ஆகவே மென்பொருள் அவன் கடைசியாக அழுத்தியதையே அழுத்திக்கொண்டிருப்பான் என்று எடுத்துக்கொண்டு முன்னே ஓடுகிறது. உண்மையான செய்தி வந்து அது வேறாக இருந்தால், சேமித்து வைத்த பழைய நொடிக்குப் பின்னால் போய், திருத்தி, மறுபடி ஓடிவந்து நிகழ்காலத்தில் சேர்ந்துகொள்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் நடந்துகொண்டே இருக்கும் சேவ் ஸ்டேட். அது வேண்டாமென்றால் நாங்கள் இருவரும் சேர்ந்து ஆடவே முடியாது.

மூன்றாவது நிலை நீர்வீழ்ச்சி. மேலே மேலே ஏற வேண்டும். ஒருவர் வேகமாக ஏறினால் திரை அவரோடு மேலே போகும். கீழே தங்கியவர் திரையின் அடிவிளிம்பில் விழுந்து சாவார். அண்ணன் அப்போதும் இப்போதும் வேகமாக ஏறுகிறவன்.

"அண்ணே, இருண்ணே."

"நீ ஏன்டா அங்கயே நிக்கிற?"

"அந்த ஸ்ப்ரெட் கன்ன எடுத்துக்கிறேன்."

"அதெல்லாம் மேல கெடைக்கும், வா."

செத்தேன். லைஃப் தீர்ந்தால் கூட ஆடுபவரின் கணக்கிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். சின்ன வயதில் அதற்காக அடிதடி நடந்திருக்கிறது. கேட்காமல் எடுத்ததற்காக ஒருமுறை அவன் ஜாய்ஸ்டிக் ஒயரால் என்னை அடித்தான். இப்போது நான் எடுக்கிறேன், அவன் ஒன்றும் சொல்வதில்லை. ஒருநாள் மட்டும், என் ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிப் பேச்சு வந்தபோது கேட்டான்: "வெளையாடவே போறதில்ல, அத்தனைய எதுக்குடா வெச்சிருக்க?" நான் பதில் சொல்லவில்லை. கேம்களைப் பற்றித்தான் கேட்டான் என்று அவன் குரலில் தெரிந்தது. ஆனாலும் அதற்குப்பின் இருவருமே கொஞ்ச நேரம் பேசாமல் சுட்டுக்கொண்டிருந்தோம்.

தை மாதம் நானே போன் செய்து, விற்றுவிடலாம் என்று சொன்னேன். அவன் உடனே சரி என்று சொல்லவில்லை. "நல்லா யோசிச்சியா?" என்று இரண்டுமுறை கேட்டான். சித்திரையில் பத்திரப் பதிவு. அதற்காகப் பத்து நாள் லீவில் வருகிறான். பதிவுக்கு முன்னால் இரண்டு நாள் அந்த வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம் என்று வாங்குகிறவர்களிடம் பேசிவிட்டோம். ஹார்ட் டிஸ்க்கை நான் அழிக்கவில்லை, அழிக்கப் போவதுமில்லை. அது வேறு விஷயம்.

பெட்டி வேலை செய்கிறது. 9 வோல்ட் அடாப்டர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைத்தது. துப்பாக்கி ஒயர் ஓரிடத்தில் அறுந்திருந்தது, சால்டரிங் வைத்தாயிற்று. ட்யூப் டிவிதான் கிடைக்கவில்லை. உக்கடத்தில் ஒரு பழைய சாமான்காரர் 21 இஞ்சில் ஒன்று இருக்கிறது, படம் கொஞ்சம் பச்சையடிக்கும் என்றார். அதைத் திண்டுக்கல் வரை கொண்டுபோக வண்டி பேச வேண்டும்.